மட்டமும் சமனும்: திருகோணமலைப் பாரவண்டிகளின் வரலாற்றில் ஒரு பகுதி

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று பொருள்களைப் பற்றியே எழுதியுள்ளனர். கோணேசர் கோயிலும் அதன் அழிவும் மீட்சியும் ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் எனப் பலர் கையில் மாறிய கோட்டை மற்றொன்று. ஆழமும் காவலும் ஒருங்கே வாய்ந்த இயற்கைத் துறைமுகம் பிறிதொன்று. அத்துறைக்கு வந்த பாரம் கரையேறியபின் யாதாயிற்று, எதன்மேல் ஏற்றப்பட்டது, எதனால் இழுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு அவர்தம் நூல்களில் இடம் குறைவு. கப்பலுக்குக் கிடைத்த வரலாறு வண்டிக்குக் கிடைக்கவில்லை.

வண்டியின் வரலாறு முழுவதையும் ஈண்டு எடுத்துரைக்க இயலாது. அதன் ஒரு கூற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பாரத்தை இழுக்கும் ஊர்தி முன்னும் பின்னும் தாழாது, உயராது, மட்டமாய் நிற்க வேண்டுமென்று மாந்தர் செய்துவந்த முயற்சியே அக்கூறு. இஃது அற்பமான முயற்சியன்று. எருதின் கழுத்தும் சாரதியின் உயிரும் அதில் தங்கியிருந்தன. ஒருமுறை இத்துறையிலேயே பெரும் போர்க்கப்பலொன்றின் விதியும் அதில் தங்கியிருந்தது.

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். மட்டம் என்பது கண்ணுக்குத் தெரிவது. சமன் என்பது பாரம் எவ்வெவ்விடத்தில் எவ்வளவு தங்குகிறது என்பதைப் பொறுத்தது. அது கண்ணுக்குத் தெரியாது. சமனுடைய வண்டி பெரும்பாலும் மட்டமாகவே நிற்கும். ஆயின் மட்டமாய் நிற்கும் வண்டியெல்லாம் சமனுடையதன்று. இவ்வேறுபாட்டை நம் வண்டிக்காரர் நன்கு அறிந்திருந்தனர் என்பதும், எஃகும் எந்திரமும் கைவந்த பிற்காலத்தார் அதனைப் பலமுறை மறந்தனர் என்பதும் நாம் காட்டப்புகும் செய்தி.

சக்கரம் பரவுமுன் இலங்கையின் காட்டு வழிகளில் பாரம் சுமந்தவை பொதியெருதுகள். அவற்றின் நிரையைத் தவளம் என்றனர். உப்பும் கருவாடும் துணியும் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றதும், பாக்கும் தானியமும் கடற்கரைக்கு மீண்டதும் இத்தவளங்களின் முதுகிலேதான். எருதின் இருமருங்கும் தொங்கும் பொதிகள் நிறையில் ஒத்திருத்தல் வேண்டும். ஒருபுறம் சில இறாத்தல் மிகுந்தாலும் சேணம் சரிந்து முதுகெலும்பை அராவும். சில நாட்பயணத்தில் புண்ணாகும். புண்பட்ட எருது வழியில் விழும். ஆதலால் பொதி கட்டுவோன் இரண்டையும் கையால் தூக்கி நிகர்பார்த்த பின்னரே ஏற்றினான். இங்கு மட்டமும் சமனும் ஒன்றே. இடையில் வில்லில்லை, கட்டையில்லை, ஏமாற்றுவதற்கு வழியுமில்லை.

இருசக்கர மாட்டுவண்டி வந்தபோது சிக்கல் திசைமாறியது. ஈழத்தார் வண்டில் என்றும் கரத்தை என்றும் வழங்கும் இவ்வூர்தியில் (கரத்தை என்பது போர்த்துக்கேயர் மொழியிலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட சொல்) அச்சு ஒன்றே உண்டு. பாரத்தின் பெரும்பங்கை அவ்வச்சுத் தாங்குகிறது. எஞ்சிய சிறுபங்கு ஏர்க்கால் வழியாக நுகத்துக்குச் சென்று எருதுகளின் கழுத்தில் தங்குகிறது. ஆகவே நோக்குமிடத்து, எருதின் கழுத்தே அவ்வண்டிக்கு முன்னச்சு எனலாம். சுமையை முன்னே மிகுத்து ஏற்றினால் நுகம் திமிலின்முன் அழுந்திக் கழுத்தைப் புண்ணாக்கும். பின்னே மிகுத்து ஏற்றினால் நுகம் மேலெழும். கழுத்தின் கீழே கட்டிய பூட்டுக்கயிறு தொண்டையை இறுக்கும். மூச்சுமுட்டிய எருது காலூன்றி இழுக்க மாட்டாது. முன்னையதை முன்பாரம் என்றும் பின்னையதைப் பின்பாரம் என்றும் வண்டிக்காரர் வழங்கினர். இரண்டும் குற்றமே. ஆயினும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்க்குமிடத்து அது சிறிதளவேனும் கீழ்நோக்கி அழுந்துதல் நன்று என்பது அவர் கொள்கை. முற்றும் பாரமற்ற நுகம் மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளும்.

இன்னுமொன்று நோக்குக. வண்டி மேடேறும்போது சுமையின் நடு அச்சுக்குப் பின்னே சாய்கிறது. இறங்கும்போது முன்னே சாய்கிறது. ஆதலால் ஏற்றத்தில் வண்டிக்காரன் ஏர்க்காலின்மேல் முன்னகர்ந்து அமர்வான். இறக்கத்தில் பின்னகர்வான், அல்லது இறங்கி நடப்பான். தன் உடலையே நகரும் எடைக்கல்லாகக் கொண்ட அவன், நெம்புகோல் விதியைப் பள்ளியில் கற்றவனல்லன். கற்றவருட் பலர் அவனளவு அதனை அறிந்தவருமல்லர்.

இவ்வறிவு பழமையானது என்பதற்குச் சங்க நூல்களிலேயே சான்றுண்டு. பொகுட்டெழினியைப் பாடிய ஒளவையார், இளைய எருதுகளையும் மிகுந்த பண்டத்தையும் கண்டு, மேடு பள்ளங்களில் யாது நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச்சென்ற வழக்கத்தை அவனுக்கு உவமையாக்கினார். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியையும் அதன் அச்சையும் எடுத்துக்காட்டினார் என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். பீலி நொய்யது, ஆயினும் அளவு மிகின் அச்சு இறும். திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டையில் இதற்கு மறுதலையான பண்டமொன்று கிடைக்கிறது. அங்குள்ள கனியமணலில் அடங்கிய இல்மனைற்று நீரினும் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தியுடையது. பெட்டியில் பாதி நிரம்புமுன்பே அச்சின் எல்லை கடந்துவிடும். பீலிவண்டியில் கண் மிகையைக் கண்டும் பொருட்படுத்துவதில்லை. மணல்வண்டியில் கண்ணுக்கு மிகை தெரிவதேயில்லை.

மாட்டுவண்டிக்கு வில்லில்லை. குதிரைவண்டிக்கு வில் வந்தது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில்லமைப்புக்கு இங்கிலாந்தில் ஒபதையா எலியற் என்பார் 1804இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த மோட்டார் ஊர்திகளும் லொறிகளும் அதனையே மேற்கொண்டன. பாரமேற்றும் ஊர்திகளின் பின்னச்சில் இன்றளவும் அதுவே காணப்படுகிறது. வில் வந்ததால் பயணம் மென்மையாயிற்று. அதனுடன் ஒரு தீங்கும் வந்தது. வில்லற்ற வண்டியில் பின்பாரம் உடனே எருதின் தொண்டையில் தெரிந்தது. வில்லுள்ள ஊர்தியில் பின்புறம் மெல்லத் தாழ்கிறது. தாழ்ந்ததை மனிதன் வில்லின் குறையெனக் கொள்கிறான், பாரத்தின் குறையெனக் கொள்வதில்லை. நோயைக் காட்டிய குறியை மட்டும் நீக்கி நோய் நீங்கிற்று எனக் கருதும் மருத்துவன் நிலை அது.

1920களின் பிற்பகுதியில் இருப்புப்பாதை திருகோணமலையை எட்டியது. அதே காலத்தில் தொடங்கிச் சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படையினர் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டலாயினர். அவற்றுள் தொண்ணூற்றொன்பது இன்றும் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் துறையைத் தாக்கின. சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டமையால் கீழ்க்கடலில் பெருங்கப்பல்களைச் செப்பனிடும் இடம் அரிதாயிற்று. அக்குறையை நீக்கவே பம்பாயில் கட்டப்பட்ட மாபெரும் மிதவைத் துறையொன்று கடல்வழியே இழுத்துவரப்பட்டுத் திருகோணமலையில் நிறுத்தப்பட்டது. இருபத்துமூன்றாம் இலக்க மிதவைத் துறை என்பது அதன் பெயர்.

மிதவைத் துறையின் இயக்கத்தைச் சிறிது விளக்குதல் நன்று. அது பல நீர்த்தொட்டிகளைத் தன்னுள் கொண்ட பெருந்தெப்பம். தொட்டிகளில் நீர் நிரப்பினால் துறை தாழும். கப்பல் அதன் நடுவே மிதந்து வந்து நிற்கும். பின்னர் நீரை இறைத்து வெளியேற்றினால் துறை எழும். கப்பலையும் தன்மேல் தாங்கி எழும். ஈண்டு இறைக்கும் முறையே உயிர்நிலை. கப்பலின் எடை முனைமுதல் முனைவரை ஒரேயளவாகப் பரந்திருப்பதில்லை. பொறிகளும் பீரங்கிக் கோபுரங்களும் உள்ளவிடத்தில் மிகும், முனைகளில் குறையும். எடை மிக்கவிடத்தின் கீழுள்ள தொட்டி அதற்கேற்ப வெறுமையாக்கப்பட்டு, அவ்விடத்துக்குரிய தாங்குவிசையைத் தரல் வேண்டும். மேற்றளம் நீருக்கு மட்டமாய் நிற்கிறது என்பது மட்டும் போதாது. மேல்மட்டம் கெடாமலேயே உள்ளுடல் வளைந்து முறியும் நிலைக்குச் சென்றுவிடக்கூடும்.

1944 ஓகஸ்ட் 8ஆம் நாள், முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட எடையுடைய ‘வேலியன்ற்’ என்னும் போர்க்கப்பல் அத்துறையில் ஏற்றப்பட்டது. அதன் வெடிமருந்தும் குண்டுகளும் இறக்கப்படவில்லை. ஆதலால் எடை இன்னும் மிகுந்திருந்தது. தொட்டிகள் கப்பலின் எடைப்பரவலுக்கு ஒவ்வாத ஒழுங்கில் இறைக்கப்பட்டன. துறையின் முதுகு முறிந்தது; துறை மூழ்கியது. கப்பலில் நீராவி அணைக்கப்படாது வைக்கப்பட்டிருந்தமையால் அது தப்பி விலகியது. எனினும் உட்புறத்து இரு சுழல்விசிறிகளும் சுக்கான்களுள் ஒன்றும் கெட்டன. முதல் உலகப்போரில் யட்லாந்துக் கடற்போரிலும் இரண்டாவதில் மத்தியதரைக் கடலிலும் பொருத அக்கப்பல் அதன்பின் போர்முனைக்கு மீளவில்லை. பகைவர் குண்டால் நேராத முடிவு, பாரம் பகிர்ந்த முறையால் நேர்ந்தது. துறையின் எச்சங்கள் இன்றும் துறைமுக நீரடியில் கிடக்கின்றன.

இந்நிகழ்ச்சியை வண்டியின் வரலாற்றில் சேர்ப்பது பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. சுமை, அதனைத் தாங்கும் இடங்கள், தாங்கும் விசையைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கருவி ஆகிய மூன்றும் இரண்டிடத்தும் உள. கருவி நீர்த்தொட்டியாயின் என், எஃகு வில்லாயின் என், விதி ஒன்றே.

1957இல் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. அக்காலத்திலேயே கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா ஆகிய வயற்பகுதிகளில் எருதின் இடத்தை உழவு இயந்திரம் பிடிக்கத் தொடங்கிற்று. உழவு இயந்திரத்துக்கும் பின்பாரம் உண்டு. அது எருதின் தொண்டையை இறுக்குவதன்று, சாரதியையே கொல்வது. தொடக்ககால இயந்திரங்களில் கலப்பை வேரிலோ கல்லிலோ சிக்கினால், பின்னச்சைச் சுழலிடமாகக் கொண்டு இயந்திரத்தின் முன்புறம் எழுந்து பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் இதற்கு மாற்றுக் கண்டார். 1926இல் காப்புரிமை பெற்ற அவரது மும்முனை இணைப்பு, கலப்பையின் எதிர்ப்பை மேற்றண்டின் வழியே முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்தியது. இயந்திரத்தின் எடையைக் கூட்டாமல், எடை சேருமிடத்தை மாற்றிய அருஞ்செயல் அது.

ஆயின் பெட்டியை இழுக்கும்போது அவ்விணைப்பு உதவாது. நெல்மூட்டை ஏற்றிய பெட்டி வேறு கொளுவியில் மாட்டப்படுகிறது. அங்கே பழைய முன்பாரமும் பின்பாரமும் மீண்டும் தலைகாட்டுகின்றன. மக்கள் லாண்ட்மாஸ்டர் என வழங்கும் இருசக்கர இயந்திரத்தை நோக்கின் இது தெளிவு. மூட்டைகளைப் பெட்டியின் பின்முனையில் குவித்தால் கொளுவி மேலெழும். இயந்திரத்தின் சக்கரங்கள் பிடியிழந்து சேற்றில் வெறிதே சுழலும். அதனை ஓட்டும் முதிய உழவர் பெட்டியின் முன்விளிம்பில் அமர்ந்திருக்கும் நிலையைக் காண்போருக்கு ஏர்க்காலில் அமர்ந்த வண்டிக்காரன் நினைவுக்கு வருவான்.

பாரம் தவறிய இடத்தில் தங்கினால் கெடுவது ஊர்தி மட்டுமன்று, சாலையும் கெடும். ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பட்ட பெரும் சாலைப் பரிசோதனையில், சாலைக்கு நேரும் தேய்வு அச்சுப்பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வதாகக் கண்டனர். அஃதாவது ஓரச்சின் பாரம் இருமடங்காயின் தேய்வு பதினாறு மடங்காகும். இரண்டு அச்சுகளில் ஒப்பப் பகிரப்பட்ட சுமையும், ஒன்றன்மேல் மட்டும் சாய்ந்த சுமையும் நிறைகோலில் ஒன்றாயினும் சாலைக்கு ஒன்றல்ல. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றிருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கட்டின்மேல் மிகுபார ஊர்திகள் ஓடியமையும் அழிவின் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுவதுண்டு. மண்ணணையின் கசிவும் சாலைத் தளத்தின் தேய்வும் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது. எனினும் பாரவண்டி செல்லும் வழி பாரத்தை எவ்வளவு தாங்கும் என்னும் கேள்வியை இம்மாவட்டத்தார் எளிதாகக் கொள்ள முடியாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வள்ளங்களைச் சக்கரச்சட்டத்தில் ஏற்றி இழுப்பதற்கும், எந்திரங்களையும் நீர்த்தாங்கிகளையும் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கும் கெப் வண்டி என்னும் திறந்த பின்பெட்டியுடைய ஊர்தி வழங்குகிறது. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்படும்வரை தென்பகுதிக்குச் செல்லும் இத்தகைய ஊர்திகள் மிதவைப்பாதையில் ஏறியே கங்கைமுகத்தைக் கடந்தன. இவ்வண்டி வெறுமையாய் நிற்கும்போது பின்புறம் சிறிது உயர்ந்திருப்பதைக் காணலாம். அது செய்தோரின் பிழையன்று. பாரமேறியபின் தாழ்ந்து மட்டமாக வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்தனர். அதனையறியாதார் அழகு கருதி முன்புறத்தை உயர்த்தி வெறுவண்டியை மட்டமாக்குகின்றனர். பாரமேறியதும் அது பின்புறம் குந்திவிடுகிறது.

இழுவைப்பெட்டியைக் கொளுவியபோது நிகழ்வதை ஒரு கணக்கால் விளக்கலாம். கெப் வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3 மீற்றர் எனவும், கொளுவி பின்னச்சுக்கு 1.2 மீற்றர் பின்னே உள்ளதெனவும், கொளுவியின்மேல் 200 கிலோகிராம் அழுந்துகிறதெனவும் கொள்வோம். பின்னச்சைச் சுழலிடமாகக் கொண்டால் முன்னச்சு 80 கிலோகிராம் பாரத்தை இழக்கிறது. பின்னச்சு ஏற்பதோ 280 கிலோகிராம். தொங்கவிட்டது இருநூறு, பின்னச்சுத் தாங்குவது இருநூற்றெண்பது. முன்சக்கரங்கள் இலேசாதலால் திருப்புசக்கரம் உறுதியிழக்கும். நிறுத்தும் விசையில் பெரும்பங்கைத் தரவேண்டிய முன்சக்கரங்கள் பிடிகுறையும். இரவில் விளக்கொளி சாலையை விட்டு எதிரே வருவோர் கண்ணில் பாயும்.

இதற்குப் பட்டறைகளில் வழக்கமாகச் செய்யப்படும் மருத்துவம் மூன்று. வில்லில் மேலுமொரு பட்டை சேர்த்தல், அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்தல், காற்றுப்பை பொருத்தல். மூன்றாலும் பின்புறம் உயரும், வண்டி மட்டமாகும், விளக்கும் சாலையை நோக்கும். உரியவன் மகிழ்ந்து செல்வான். ஆனால் மேற்காட்டிய கணக்கில் வில்லின் வலிமைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க. அச்சுகளின் இடைத்தூரமும் கொளுவியின் தூரமும் கொளுவியின்மேல் அழுந்தும் பாரமும் மாறாதவரை, முன்னச்சு இழந்த 80 கிலோகிராம் இழந்ததே. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் 1954இல் ஓர் ஊர்தியின் பின்னச்சிலும், மறு ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ஊர்தியில் நான்கு சக்கரங்களிலும் எண்ணெயும் வாயுவும் கொண்டு தானே மட்டமாகும் அமைப்பைப் பொருத்திற்று. அதன் நுட்பம் வியக்கத்தக்கது. அவ்வியத்தகு அமைப்பும் இக்கணக்கை மாற்றவில்லை.

மாற்றுவதற்கு வழிகள் உள. முதலாவது, வண்டிக்காரன் அறிந்த வழி: பெட்டியிலுள்ள சுமையை நகர்த்துதல். இழுவைப்பெட்டியின் முழு எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொளுவியில் தங்குதல் ஏற்றதெனப் பொறியியலார் கொள்வர். அதனிற் குறைந்து, சுமையின் நடு அச்சுக்குப் பின்னே செல்லுமாயின், பெட்டி வேகத்தில் பாம்புபோல் இருமருங்கும் ஆடத்தொடங்கும்; அவ்வாட்டம் வளர்ந்தால் இழுக்கும் வண்டியையும் புரட்டும். ஆகவே கொளுவிப்பாரத்தை அஞ்சிச் சுமையைப் பின்தள்ளுவோன் சிறு தீங்கிலிருந்து பெருந்தீங்குக்குச் செல்கிறான். இரண்டாவது, பாரத்தைப் பகிரும் கொளுவி. அதில் இரு எஃகுத் தண்டுகள் வளைத்து இறுக்கப்படுகின்றன. அவற்றின் முறுக்கம் பின்னச்சில் குவிந்த பாரத்தின் ஒருபகுதியை முன்னச்சுக்கும் மற்றொருபகுதியைப் பெட்டியின் அச்சுக்கும் மீட்டுக்கொடுக்கிறது. பேர்குசன் கலப்பைக்குச் செய்ததை இது பெட்டிக்குச் செய்கிறது எனலாம்.

வில்பட்டையும் காற்றுப்பையும் பயனற்றவை என்பது எம் கருத்தன்று. பின்பெட்டியிலேயே பாரம் ஏற்றப்படும்போது அவை நன்கு உதவும். ஆனால் செய்தோர் விதித்த அச்சுப்பார எல்லையை அவற்றுள் எதுவும் உயர்த்தாது. அச்சும் சக்கரமும் தடையும் பழையனவே. வில் மட்டும் புதிது. இருப்பினும் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கண்டவன் மேலும் பத்து மூட்டை ஏற்றத் துணிகிறான். வள்ளுவர் கூறிய அச்சு முறிவது அங்கேதான்.

ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மட்டமான தரையில் வெறுவண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தின் மேலுள்ள தகட்டு வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதென அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பாரமேற்றிய பெட்டியை மாட்டியபின் மீண்டும் அளக்க வேண்டும். முன்புறம் உயர்ந்த அளவே முன்னச்சு இழந்த பாரத்தைக் காட்டும். பின்னர்ச் சுமையை நகர்த்தியோ, பகிரும் கொளுவியின் தண்டுகளை இறுக்கியோ, அவ்வுயர்வில் பாதியேனும் குறைந்ததா என மூன்றாம் முறை அளக்க வேண்டும். பின்புறத்தின் தாழ்வைப் பற்றிக் கவலைகொள்வது அதன் பின்னரே.